32 வோல்ட்டு அஞ்சா இறங்குற அழகு இருக்கே!

24 வோல்ட்டு ஏசியிலிருந்து 5 வோல்ட்டு டிசி. இதுக்கா இந்த ஆட்டம்னு கேப்பீங்க. ஆமாங்க, இதுக்கேதான்!

வெண்ணந்தூர் விசைத்தறிக்கூடம் ஒண்ணை மனசுல கொண்டுவாங்க. நாடா ஓடுற சத்தத்துல பக்கத்து ஆள் கத்துனாலும் கேக்காது, தலையெல்லாம் பஞ்சுத்தூசி. கிராங்க் ஷாப்டு ஒரு சுத்து சுத்துனா ஒரு ஊடை விழும். ஷாப்டுல குட்டிக் காந்தம் ஒட்டி, எதிர்ல ஹால் சென்சார் வெச்சா ஊடையை எண்ணிடலாம். அந்தச் சர்க்யூட்டுக்கு 5 வோல்ட்டு போதும். பஞ்சு பறக்கிற இடத்துல, ஆளுங்க நடமாடுற சந்துல 230 வோல்ட்டு ஒயரை இழுக்கலாமா? அதனாலதான் மூலையில கெடந்த 24 வோல்ட்டு டிரான்ஸ்பார்மர்.

இப்பத்தான் கூத்தே! 24ங்கிறது ஆர்எம்எஸ்ங்கிற பயனுறு அளவு, அலையோட உச்சி 1.414 மடங்கு, கிட்டத்தட்ட 34. ஏசியை டிசியாக்குற பிரிட்ஜுல ரெண்டு டயோடு 1.4 வோல்ட்டைச் சாப்பிட்டுட்டு, கெபாசிட்டர்ல 32க்கு மேல நிக்க வெச்சிரும். லோடு இல்லைன்னா இன்னும் ஏறும். அதான் 63 வோல்ட்டு கெபாசிட்டரா பார்த்துப் போட்டேன். நம்ம பழைய சிநேகிதன் 7805 ரெகுலேட்டர் தாங்குறது 35 வரைக்கும்தான், அதுவும் மிச்ச 27 வோல்ட்டையும் சூடாவே கக்கணும். 100 மில்லி ஆம்பியருக்கே 2.7 வாட்டு, பாவம்!

அப்ப எடுத்தேன் பாருங்க எல்எம்2596 பக் கன்வெர்ட்டரை! விநாடிக்கு 1,50,000 தடவை திறந்து மூடி, சுருள்ல சக்தியைச் சேத்து வெச்சு வேண்டிய அளவு மட்டும் வடிச்சு விடுது, 40 வோல்ட்டு வரைக்கும் அசராது, அதுல வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற நீலப் பெட்டியோட பித்தளைத் திருகைச் சுத்துறேன், சுத்துறேன், மீட்டர்ல ஒண்ணுமே அசையலை, நெஞ்சு படபடங்குது, இன்னொரு சுத்து, திடீர்னு கிணத்து ராட்டினத்துல வாளி இறங்குற மாதிரி 28, 19, 11, 7, மூச்சை அடக்கி மயிரிழை மயிரிழையாத் திருப்ப 5.00! தறிச்சத்தத்தையும் மீறிக் கத்திட்டேங்க! ஊடை போட்டுக்கிட்டிருந்த அக்கா பதறி ஓடிவந்து, “என்னாச்சுங்க தம்பி, ஷாக்கடிச்சிருச்சா?”ங்கிறாங்க. எனக்குச் சிரிப்பு அடங்கலை. டிஸ்ப்ளேயில 1, 2, 3னு செவப்பு எழுத்து ஓடுது, நான் சின்னப்பையனாட்டம் கூடவே வாய்விட்டு எண்ணிக்கிட்டிருக்கேன்!

கன்வெர்ட்டர் பக்கத்துல ஏஎம் ரேடியோ வெச்சா லேசா இரையும்னு ஒரு குறை சொல்லுவாங்க. தறிக்கூடத்துல எந்த ரேடியோங்க காதுல விழுது!

கன்வெர்ட்டரைத் தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க, சுடவே சுடாது. அட, விரலை எடுத்துறாதீங்க, இன்னுங் கொஞ்சம் வெச்சுப் பாருங்க!