மெட்டி போடும் காட்சி, மூன்றாவது தடவை

இரும்பை மாகாளேசுவரர் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மூன்று தடவை மெட்டி போட்டார். முதல் தடவை சடங்குக்காக. ஒரு மாமாவின் தோள் குறுக்கே வந்துவிட்டதால் இரண்டாவது தடவை போட்டோவுக்காக. மூன்றாவது தடவை வீடியோவுக்காக. "மாப்ள, மெட்டியக் கழட்டிட்டு மெதுவாப் போடுங்க. அவங்க முகத்தப் பாத்துக்கிட்டே போடுங்க. தங்கச்சி, நீங்க அவரப் பாத்து லேசா சிரிங்கம்மா." அந்த மூன்றாவது தடவையில் பெண் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. "வெக்கத்தப் பாரு" என்றார் ஒரு பெரியம்மா.

நான் அன்று லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை அல்ல. ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைப்பதும் வீடியோ எடிட் செய்வதும்தான் என் வேலை. லைட் பிடிக்கிற பையன் வராத நாளில் என்னைக் கூட்டிப்போவார்கள். பெண் உடை மாற்றும் அறைக்குள் கேமராவோடு போக ஒரு பெண் இருந்தால் நல்லது என்பதும் ஒரு காரணம்.

பெண்ணின் காலை ஒரு ஆண் தொட்ட கதை அந்தக் கோயிலுக்கே ஒன்று உண்டு. கடுவெளிச் சித்தர் தவத்தில் உட்கார்ந்தாராம். அவரைச் சுற்றிப் புற்று வளர்ந்ததாம். ஊரில் மழை பொய்த்ததாம். தவத்தின் சூடுதான் காரணம் என்று நினைத்த அரசன், கோயிலில் ஆடும் வள்ளி என்ற பெண்ணை அனுப்பினான். அவள் அப்பளம் ஊட்டித் தவத்தைக் கலைத்தாள். மழை வந்தது. பிறகு ஒரு திருவிழாவில் அவள் ஆடும்போது கால் சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது. மண் பாழாகட்டும் என்று சாபமும் விழுந்தது. பிளந்த துண்டுகளைச் செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று இன்றும் வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மனிதர்கள் வந்து மண்ணைப் பசுமையாக்கும்போது சாபம் தீரும் என்று கதையை நீட்டி, பக்கத்திலிருக்கும் ஆரோவில்லோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு.

இந்தக் கதையில் சித்தரின் கோபம் இருக்கிறது, அரசனின் பயம் இருக்கிறது, மண்ணின் கதிகூட இருக்கிறது. வள்ளி என்ன நினைத்தாள் என்பது மட்டும் இல்லை. அவளை ஒருவர் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். ஊர் பார்க்க அவள் காலை ஒருவர் எடுத்தார். எடுக்கலாமா என்று கேட்டாரா, தெரியாது. புதிதாக அறிமுகமான இருவரை நெருங்கி உட்காரவைத்து, அந்த நெருக்கம் தானாக வந்ததுபோலக் காட்டுவதுதான் எங்கள் தொழில் என்பதால், இந்தக் கதையை எடிட் செய்தவர் யார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அன்று சிரிக்கக் கூடியதாக இருந்தது இன்று ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு விரியும் படம். மெட்டி போடும் படம் இல்லாமல் ஒரு கரிஷ்மா ஆல்பம்கூட என் கையிலிருந்து போனதில்லை. இலக்கியக் கூட்டம் ஒன்றில் பழக்கமான ஒரு நண்பர் என்னோடு வாதாடினார்: "ஆண் குனிகிறான், பெண் நிமிர்ந்து நிற்கிறாள். இதைவிடப் பெண்ணியமான படம் வேறென்ன வேண்டும்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவன் ஒரு நிமிடம் குனிந்து போடுவதை அவள் ஆயுள் முழுக்கக் காலில் சுமக்கிறாள், அவனுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை என்ற பழைய பதிலைச் சொல்லலாம். அது சரியான பதிலும்கூட. ஆனால் என் நாற்காலியிலிருந்து வேறொன்று தெரிகிறது. படத்தை மட்டும் பார்த்தால் யார் குனிகிறார் என்று தெரியும். எடுக்கும்போது பேசியதைக் கேட்டால்தான் யார் வளைக்கப்படுகிறார் என்று தெரியும்.

வீடியோவில் பாட்டு ஏற்றுவதற்கு முன்னால் எங்களுக்கு மட்டும் அசல் சத்தம் கேட்கும். பல வருடம் அதைக் காதில் வாங்காமலே வெட்டி எறிந்திருக்கிறேன். ஒருநாள் சும்மா ஒரு பேப்பரில் நடுவே கோடு போட்டு, மாப்பிள்ளைக்குச் சொல்லும் வினைகளை ஒரு பக்கமும் பெண்ணுக்குச் சொல்வதை மறுபக்கமும் எழுதினேன். மாப்பிள்ளை பக்கம்: பிடிங்க, இழுங்க, தூக்குங்க, அணைங்க, போடுங்க. பெண் பக்கம்: சாயுங்க, குனிங்க, திரும்புங்க, சிரிங்க, நில்லுங்க. பள்ளிக்கூடத்தில் படித்த செயப்படுபொருள் குன்றா வினையும் குன்றிய வினையும் ஞாபகம் வந்தது. அவனுக்குச் சொன்ன வினைக்கெல்லாம் ஒரு செயப்படுபொருள் இருந்தது, அது அவள்தான். அவளுக்குச் சொன்ன வினைக்கு எதுவும் தேவைப்படவில்லை. அவள் உடம்புக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்தது.

விதிவிலக்கு உண்டு. "அவர் தோள்ல கை வைங்க", "காலரச் சரி பண்ணுங்க" என்று பெண்ணிடமும் சொல்வார்கள். அப்போது கூடவே ஒரு சொல் வரும்: லேசா. லேசா வைங்க, லேசா தொடுங்க. மாப்பிள்ளையிடம் சொல்லும் சொல் "நல்லா". நல்லாப் புடிங்க மாப்ள, உங்க வொய்ஃப்தானே. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களில் விளம்பரப் படங்களை வரிசையாக அடுக்கி இதைத்தான் காட்டினார். பெண்ணின் தலை சாய்ந்திருக்கும், பார்வை எங்கோ இருக்கும், விரல் பொருளைப் பிடிக்காமல் தடவும், ஆண் ஒரு பிடி உயரமாக நிற்பான். அவர் பார்த்தது அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களை. எங்கள் அண்ணன்கள் காஃப்மனைப் படித்ததில்லை, ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றையும் விடமாட்டார்கள்.

முன்பு இப்படி இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேறு மாதிரி இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வாளர்கள் சிலர், 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படியாக்கியிருக்கிறார்கள். அத்தகைய படங்களில் தம்பதிகள் இன்றைக்கு விறைப்பாகத் தெரிவார்கள். முழங்காலில் கை, நேர்ப் பார்வை, சிரிப்பு கிடையாது. என் அம்மாவின் படமும் அப்படித்தான். கல்யாணமாகி மூன்றாம் நாள் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் எடுத்தது. அப்பா நாற்காலியில், அம்மா நின்றுகொண்டு. உட்கார்ந்தவர் யார், நின்றவர் யார் என்பதில் எல்லா அரசியலும் இருக்கிறது. ஆனாலும் ஸ்டுடியோக்காரர் இருவருக்கும் ஒரே கட்டளைதான் கொடுத்தாராம்: ஆடாதீங்க, இங்க பாருங்க. அவர் முகத்தைத் தான் முழுதாகப் பார்த்ததே பிரிண்ட் வந்த பிறகுதான் என்று அம்மா சொல்வார். தெரியாத ஒருவரைத் தெரிந்தவர்போலப் பார்க்கச் சொல்லி அந்தப் படம் அம்மாவை வற்புறுத்தவில்லை.

இன்று 'கேண்டிட்' என்பது தனி ரேட். சொல்லுக்கு இயல்பாக எடுத்தது என்று பொருள்; வேலையில் அது நான்கு தடவை ஒத்திகை பார்த்து எடுத்தது. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டுக்கு ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளங்கள், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மரக்காணம். உப்பளம் போட்டோகிராபருக்குப் பிடித்த இடம். தனியாக ரிஃப்ளெக்டர் வேண்டாம், உப்புக் குவியலே வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஆனால் கேமராவின் மீட்டர் அங்கே ஏமாறும். சுற்றிலும் வெள்ளை என்பதால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். அதைக் கூட்டி வைத்து எடுக்க வேண்டும். அது தெரிந்த தொழிலாளி சரியாக எடுத்துக்கொண்டு வந்த படத்தை, நான் உட்கார்ந்து இன்னும் வெளுப்பாக்குவேன். பெண்ணை மட்டும். மாப்பிள்ளை கறுப்பாக இருந்தால் "ஆம்பளதானே, விடும்மா" என்பார்கள். பிலிம் காலத்தில் கலர் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பிலிம் போய்விட்டது, அட்டையும் போய்விட்டது. என் கணினியில் ஷெர்லியின் வேலையை நானே செய்துகொண்டிருந்தேன்.

உப்பளத்தில் இன்னொன்றையும் அழித்திருக்கிறேன். பாத்தியிலிருந்து உப்பு வாரித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் குவிக்கும் பெண்கள், தூரத்தில் புள்ளியாக பிரேமுக்குள் வந்துவிடுவார்கள். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளி நில்லுங்க" என்று கத்துவோம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் கூடையோடு வரப்பில் நிற்பார்கள். நகராதவர்களை நான் பிறகு அழிப்பேன். மணப்பெண் சாய்ந்து நிற்கும் அந்த வெள்ளைக் குவியல் அவர்கள் கழுத்தில் ஏறி வந்தது. அதையும் ஒரு தடவைதான் யோசித்தேன், வேலை நேரத்தில் அதற்குமேல் யோசிக்க முடியாது.

இந்த ஷூட்டுகளை ஆடம்பரம், சீரழிவு என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிச்சயம் ஆன பெண்ணுக்கு, கட்டிக்கப்போகிறவனோடு பெரியவர்கள் இல்லாமல் நாலு மணி நேரம் பேசக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். வேனில் பின் சீட்டில் "நான் வேலைய விடமாட்டேன்" என்று ஒரு பெண் தன் வருங்காலக் கணவனிடம் சொல்லி முடித்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு வேன் வாடகை கொடுத்தது போட்டோதான். சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்களுக்கோ போட்டோ அலங்காரமே இல்லை, சாட்சி. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் கல்யாணத்தையும் பதிவுசெய்யச் சொல்கிறது. ஆனால் வீட்டை விட்டு வந்த பெண் காவல் நிலையத்தில் முதலில் எடுத்து நீட்டுவது மாலையோடு நிற்கும் செல்போன் படத்தைத்தான். அந்தப் படங்களில் யாரும் யார்மேலும் சாய்வதில்லை. இருவரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள், என் அம்மா பார்த்ததுபோல.

இரும்பைப் பெண்ணுக்கு வருகிறேன். அவள் காலை இழுத்த அந்தக் கணத்தை ஸ்லோமோஷனில் போட்டு, பாட்டில் குழல் வருகிற இடத்தில் பொருத்தியவள் நான். கூட்டத்தின் சிரிப்பையும் கொஞ்சம் சேர்த்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு இந்தக் கட்டுரைக்கான குறிப்புகளை எழுதத் தொடங்கியபோது அதே கணத்தை வேறு விதமாகப் படித்தேன். உத்தரவுக்கு உடம்பு சொன்ன மறுப்பு என்று எழுதி வைத்தேன். எழுதியபோது பெருமையாகவும் இருந்தது.

ஆல்பம் வாங்க அவள் தங்கையோடு வந்தாள். போட்டோ தேர்வு முழுக்க மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நடந்திருந்ததால், பெரும்பாலான படங்களை அவள் அன்றுதான் முதலில் பார்த்தாள். மெட்டிப் பக்கம் வந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன், அன்னைக்கு ஏன்மா காலை இழுத்துக்கிட்ட?

"மெட்டி சின்னதுக்கா. அளவு கேக்காமயே வாங்கிட்டாங்க. மொத தடவ எப்படியோ ஏறிடுச்சு. கழட்டிக் கழட்டிப் போடவும் தோல் உரிஞ்சிடுச்சு. வலிக்குதுன்னு சொன்னேனே?"

எனக்குக் கேட்கவில்லை. மூன்றடி தூரத்தில்தான் லைட்டோடு நின்றிருந்தேன். எடிட் செய்தபோதும் கேட்கவில்லை, அந்த இடத்துக்கு வரும் முன்பே சத்தத்தை அணைத்திருந்தேன். வெட்கம் என்று பெரியம்மா சொன்னார், மறுப்பு என்று நான் எழுதினேன். இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை.

ஹார்ட் டிஸ்கில் அசல் கோப்பு இருந்தது. இடம் போதாமல் அழிப்பதற்கு இன்னும் சில வாரம் மிச்சம். ஹெட்போனை அவளிடம் கொடுத்து ஓட்டினேன். மேளம், யாரோ காபி கேட்கும் குரல், "மாப்ள மெதுவா". அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றித் தங்கையின் காதில் வைத்தாள்.

"ரெண்டு தடவ சொல்லியிருக்கேன் பாரு" என்றாள்.