வரிசை எது?

ஒருவர்பின் ஒருவராய் நிற்பதும் வரிசை; தகுதியறிந்து செய்யும் சிறப்பும் வரிசை. புறநானூறு 121-ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் வேண்டுவது பின்னதையே. புலவர் எல்லாரையும் ஒன்றுபோல் நோக்குதல் அவர்க்கு உடன்பாடன்று.

ஐபோன் என்னும் கைப்பேசி முதன்முதல் விற்பனைக்கு வந்தது 2007 ஜூன் 29-இல். அதற்காக அமெரிக்கக் கடைவாயில்களில் இரவெல்லாம் விழித்து நின்றோர் பெற்ற சிறப்பு யாது? முதலில் கையிலேந்திய பெருமை, அவ்வளவே. அவர்கள் 599 டாலர் கொடுத்த கருவி செப்டம்பர் 5-இல் 399 ஆயிற்று. முணுமுணுப்பு மிகவே, மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் வருத்தம் தெரிவித்து, ஆப்பிள் கடையிலேயே செலவிடுமாறு 100 டாலர் வரவு வைத்தார். பாதி வரிசை என்க! அதுவும், நடைபாதையில் கிடந்தவனுக்கும் ஜூலையில் ஆற அமர வந்தவனுக்கும் ஒரே அளவு. விலை குறையுமுன் 14 நாள்களுக்குள் வாங்கியவனுக்கோ, கடை வழக்கப்படி, முழு 200-உம் திரும்பக் கிடைத்தது.