கோலாவின் வீடும் வரைபடத்தின் வண்ணமும்

கோலாவைக் 'கோலாக் கரடி' என்று எழுதுவோர் இன்றும் உண்டு. அது கரடியே அன்று. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பிராணி. ஆஸ்திரேலியாவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் யூகலிப்டஸ் மரங்களின் மேல் வாழ்கிறது. நம் சமவெளியில் தைல மரம் என்றும் நீலகிரியில் கற்பூர மரம் என்றும் சொல்கிறோமே, அந்த இனத்து இலைதான் அதன் உணவு. நாளொன்றுக்கு அரைக் கிலோ இலை, மீதிப் பொழுதெல்லாம் பெரும்பாலும் தூக்கம். இவ்வளவு எளிய வாழ்க்கை நடத்தும் பிராணியின் இருப்பிடத்தைப் படத்தில் குறித்துவிடுவது எளிது என்றே யாருக்கும் தோன்றும்.

குறித்துத்தான் ஆக வேண்டும். குவின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகிய மூன்றிலும் கோலாவை 'அழியும் நிலையில் உள்ள இனம்' என்று 2022 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. காட்டைக் காக்க வேண்டுமானால் எந்தக் காட்டை என்று தெரிய வேண்டும். தட்பவெப்பம் மாறிவருவதால், இன்று ஏற்ற காடு 50 ஆண்டு கழித்தும் ஏற்றதாக இருக்குமா என்றும் தெரிய வேண்டும். இதற்காக வரையப்பட்ட படங்கள் பல. அவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய படம் எப்படி உருவாகிறது? கோலா காணப்பட்ட இடங்களை எல்லாம் முதலில் திரட்டுகிறார்கள். ஒவ்வோர் இடத்தின் மழையளவையும் உஷ்ணநிலையையும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். இவ்வளவு மழை, இவ்வளவு வெப்பம் உள்ள இடத்தில் கோலா வாழ்கிறது, இதற்கு மேற்பட்ட வெப்பத்தில் வாழ்வதில்லை என்று கம்ப்யூட்டர் ஒரு வரம்பு வகுக்கிறது. பிறகு எதிர்காலத் தட்பவெப்பக் கணிப்பைக் கொடுத்தால், அந்த வரம்புக்குள் வரும் நிலப்பகுதிகளை வண்ணமிட்டுக் காட்டிவிடும். கிறிஸ்டைன் ஆடம்ஸ்-ஹாஸ்கிங்கும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. உள்நாட்டு வெப்பமும் வறட்சியும் மிகுந்து, கோலாவின் வாழிடம் கிழக்கேயும் தெற்கேயும் சுருங்கும் என்று அது காட்டியது. அடுத்த ஆண்டே, கோலா உண்ணும் மரங்களின் எதிர்காலத்தையும் சேர்த்து அவர்கள் கணித்தார்கள். அதைப் பாராட்ட வேண்டும். தட்பவெப்பம் மட்டும் போதாது என்பதைப் படம் வரைந்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. கோலாவைக் கண்டவர் யார்? மனிதர்தாம். மனிதர் நடமாடும் சாலையோரத்திலும் ஊரோரத்திலும் பதிவுகள் குவிகின்றன. ஆள் நுழையாத மலைக்காட்டில் பதிவே இல்லை. பதிவு இல்லாததைக் கோலா இல்லை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டால் குற்றம் அதனுடையதன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோலா உறுமும். நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்குக் காடுகளில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து இந்த உறுமலைத் தேடிய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. எதிர்பார்த்ததைவிட அதிக இடங்களில் உறுமல் கேட்டது. கண்ணுக்குத் தப்பியது காதுக்கு அகப்பட்டது எனலாம்.

இனி இலைக்கு வருவோம். யூகலிப்டஸில் 700க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வட்டாரத்துக் கோலா அவற்றில் சிலவற்றையே விரும்பும். அதிலும் நுட்பம் இருக்கிறது. ஒரே வகையைச் சேர்ந்த, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றைத் தின்னும், மற்றதைத் தொடாது. இலையிலுள்ள கசப்பான நச்சுப் பொருள்கள் மரத்துக்கு மரம் வேறுபடுவதே காரணம் என்று பென் மூர், வில்லியம் ஃபோலி ஆகிய விஞ்ஞானிகள் 2005இல் விளக்கினார்கள். காற்றில் கரியமில வாயு மிகும்போது இலையில் நைட்ரஜன் சத்துக் குறைகிறது என்றும் சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே படத்தில் பச்சையாகத் தெரியும் காடு, கோலாவுக்குச் சோறில்லாத பந்தியாகவும் இருக்கக்கூடும்.

எனக்கு மிகவும் வியப்பூட்டியது வேறோர் ஆய்வு. வெப்ப நாட்களில் கோலா மரத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி, அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும். ஏன்? நேட்டலி பிரிஸ்கோ குழுவினர் விக்டோரியா மாநிலத்தின் ஃபிரெஞ்சுத் தீவில் இதை ஆராய்ந்து 2014இல் விடை கண்டார்கள். அடிமரம் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது. கோலா தன் உடல் வெப்பத்தை மரத்துக்குக் கடத்திவிடுகிறது. இல்லையேல் மூச்சிரைத்தும் மயிரை நக்கியும் தண்ணீரை ஆவியாக்கியே குளிர வேண்டும். மரத்தை அணைப்பதால் இப்படிச் செலவாகும் நீரில் பாதி வரை மிச்சமாகலாம் என்று கணக்கிட்டார்கள். இதில் சிறந்த மரம் எது தெரியுமா? கறுப்பு வாட்டில். அதன் அடிமரம் காற்றைவிடச் சுமார் 5 டிகிரி குளிர்ந்திருந்தது. நீலகிரியில் சீகை மரம் என்ற பெயரில் புல்வெளிகளை விழுங்கிவரும் அதே மரந்தான்! அங்கே அது கோலாவின் உணவு மரம் அன்று. கடும் வெயிலில் உயிர் காக்கும் மரம்.

இந்த மரத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்ததா? நியூ சவுத் வேல்ஸ் 1995இல் கொண்டுவந்த விதியில் 10 மரங்களின் பட்டியல் இருந்தது. பத்தும் யூகலிப்டஸ். ஒரு நிலத்து மரங்களில் இவை 15 சதவீதமாவது இருந்தால்தான் அது கோலா வாழக்கூடிய இடமாகக் கருதப்படும். நிழலுக்கும் குளிர்ச்சிக்குமான மரம் எத்தனை இருந்தாலும் கணக்கில் சேராது. புதிய விதி 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது பட்டியல் 123 ஆயிற்று. கூடவே வரைபடங்களும் வந்தன. இளஞ்சிவப்பு வண்ணம் விழுந்த நிலத்தில் கட்டட அனுமதி கேட்பவர் கோலாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். கோலா மரமே இல்லாத என் நிலத்திலும் வண்ணம் விழுந்திருக்கிறதே என்று விவசாயிகள் முறையிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கூட்டணி அரசே கவிழும் அளவுக்குச் சண்டை முற்றியது. அக்டோபரில் இளஞ்சிவப்புப் படம் நீக்கப்பட்டது. நவம்பர் இறுதியில் விதியும் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. கோலாவைக் காக்காவிட்டால் 2050க்குள் அது இம்மாநிலத்தில் அற்றுப்போகும் என்று சட்டமன்றக் குழு எச்சரித்ததும் அதே 2020இல்தான்!

விவசாயிகளின் முறையீட்டை முற்றிலும் பொய் என்று நான் தள்ளமாட்டேன். பரந்த நிலப்பரப்பைப் பார்க்க வரைந்த படத்தை ஒருவருடைய வேலிக்குள் கொண்டுபோய் வைத்தால் பிழை தெரியத்தான் செய்யும். பிழையைத் திருத்த, நிலத்தில் இறங்கிப் பார்க்கும் ஆட்களை அனுப்பியிருக்க வேண்டும். படத்தையே கிழித்தது தவறு.

தட்பவெப்பப் படங்களிடம் எனக்குள்ள பெரிய குறை இதுவன்று. அவை கிழக்கே கடற்கரையோரத்தைக் கோலாவின் கடைசிப் புகலிடமாகக் காட்டுகின்றன. அங்கே நடப்பது என்ன? பிரிஸ்பேன் நகருக்கு அருகில் 'கோலாக் கடற்கரை' என்றே பெயர் பெற்ற பகுதியில், 1996க்கும் 2014க்கும் இடையில் கோலாக்கள் சுமார் 80 சதவீதம் குறைந்துவிட்டன. வீட்டுமனை, சாலை, கார், நாய், நோய் ஆகியவை காரணங்கள். மேற்கே தென்மேற்குக் குவின்ஸ்லாந்தின் முல்கா நிலங்களில் 1995இல் 59,000 என மதிப்பிடப்பட்ட கோலாக்கள், வறட்சியால் 2009இல் 11,600 ஆயின. இதுவும் 80 சதவீத இழப்பே. மேற்கில் வெயில் விரட்டுகிறது. கிழக்கில் மனிதன் விரட்டுகிறான். இரண்டாவதைக் காட்டும் வண்ணம் தட்பவெப்பப் படத்தில் கிடையாது.

மேற்கைக் கைகழுவிவிடலாம் என்ற எண்ணத்துக்கும் இப்படங்கள் இடம் கொடுத்துவிடுகின்றன. நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டு ஊரான கன்னிடாவைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு வெப்ப அலையில் அங்கே கோலாக்களில் கால்பங்கு இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். படத்தின் கணக்குப்படி ஆபத்தான இடந்தான். பொதுவாகக் கோலா இலையிலுள்ள நீரைக் கொண்டே வாழ்வது என்பார்கள். ஆனால் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தண்ணீர்த் தொட்டிகளை அமைத்துக் காமிராவையும் பொருத்தினார்கள். கோலாக்கள் வந்தன, நிமிடக்கணக்கில் நின்று குடித்தன, வெயிலும் வறட்சியும் மிகுந்தபோது அடிக்கடி வந்தன. ஒரு தொட்டித் தண்ணீரும் ஆற்றோரத்து மரவரிசையும் எத்தனை கோலாக்களை எத்தனை கோடை வரை தாங்கும் என்பதை அளந்து, அடுத்த படத்தில் அதற்கும் ஒரு வண்ணம் கொடுக்கலாமே!