வர்ணமெட்டில் ஏறிய செய்தி

பத்திரிகைச் செய்திக்கு ஆயுள் ஒரு நாள். அதைப் பற்றிய ஹாஸ்யப் பாட்டோ, பாடப்பட்ட பிரமுகர் பதவியிழந்து விவகாரமும் மறக்கப்பட்ட பின்னர், அடிக்குறிப்பின் தயவின்றி நடமாட இயலாததாகிவிடுகிறது. இவ்விதிக்குத் தப்பிய சில பாட்டுக்கள் தமிழில் உண்டு. அவற்றை ஒருசேர வைத்து நோக்கினால், ஜனங்களுக்கு முன்பே மனப்பாடமாகியிருந்த ஒரு பழைய வடிவத்தை அவை இரவல் வாங்கிக்கொண்டமையே அவற்றின் தீர்க்காயுசுக்குக் காரணம் என்பது புலனாகும்.

இக்கலையில் முதலிடம் பாரதியாருக்கே உரியது. நிதானக் கட்சியென்றும் தீவிரக் கட்சியென்றும் காங்கிரஸ் பிளவுபட்டு, 1907 டிசம்பரில் சூரத் மகாசபை கலகத்தில் முடிந்த காலத்து விவகாரங்களைப் பாடப் புகுந்த அவர், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டுக்களைப் பன்முறை நாடினார். பண்ணையாளான நந்தனை ஆண்டையான வேதியர் சீறிவிழும் மெட்டில், சுயராஜ்யம் வேண்டிய பாரதவாசிக்கு ஆங்கிலேய உத்தியோகஸ்தன் விடை சொல்கிறான். அதுவே 'தொண்டு செய்யும் அடிமை'. சிதம்பரம் போகத் துடிக்கும் நந்தனிடம், நம் ஜாதிக்கு இது தகுமோ என்று கேட்கும் மெட்டிலோ, நிதானக் கட்சியின் பெரோஸ்ஷா மேத்தா தீவிரக் கட்சியின் திலகருக்குப் புத்தி புகட்டுகிறார். காலட்சேபத்தில் அம்மெட்டுக்களைக் கேட்டு உருகிய சபையினருக்கு, யார் ஆண்டை, யார் பக்தன், இறுதியில் தில்லையை அடைந்தவன் யார் என்பதெல்லாம் மெட்டு எழுந்த க்ஷணமே விளங்கிவிடும். கவி தனியே வாதிக்க வேண்டியதில்லை.

'கோக்கலே சாமியார் பாடல்' இன்னும் நுட்பமானது. அருட்கனி தமக்குக் கிட்டுமோ என்று இராமலிங்க சுவாமிகள் ஏங்கிய பாடலின் நடையிலேயே, லண்டனில் இந்தியா மந்திரியாயிருந்த மார்லியின் சீர்திருத்தப் பழம் கைக்கு வந்து சேருமோ, இடையில் கெட்டொழியுமோ என்று நிதானக் கட்சித் தலைவர் கோக்கலே கவலைப்படுகிறார். இப்பரிகாசம் சுவாமிகளைத் தீண்டவில்லை. தெய்வத்தினிடம் வைக்கத்தக்க ஏக்கத்தை லண்டன் காரியாலயத்தில் வைத்த பேதைமையையே தீண்டுகிறது.

தகப்பன் சொத்து பிள்ளைகளுக்கன்றி அவன் சகோதரியின் மக்களுக்கே சேர்ந்த நாஞ்சில் நாட்டு வேளாளரின் தாயமுறையைச் சாடிய கவிமணியின் 'மருமக்கள் வழி மான்மியம்', ஸ்தல புராணங்களின் பெயரைச் சூடிக்கொண்டு, நிராதரவான மனைவியின் வாய்மொழியாகவே அவ்வநீதியை நகையும் கண்ணீருமாய் விவரிக்கிறது. 1974இல் 'ஊசிகள்' வெளியிட்ட மீராவுக்கு மெட்டு இல்லை, யாப்பும் இல்லை. எனினும் கட்சி மாறும் சட்டசபை அங்கத்தினரின் வேகத்தை அவர் வியக்கும்போது, மேடைப் புகழுரையையே இரவல் வாங்குகிறார். காளமேகம் கையாண்ட வஞ்சப்புகழ்ச்சி அங்கே மறுபிறவி எடுக்கிறது.

இரவல் வடிவத்துக்கு ஓர் அபாயமும் உண்டு: மூலம் மறைந்தால் நகையும் மறையும். நந்தனார் கீர்த்தனை வீட்டுக்கு வீடு ஒலித்த காலம் போய்விட்டது. ஆகவே பாரதி பாடல்களைப் பதிப்பிப்போர், தலைப்பின்கீழ் நிற்கும் வர்ணமெட்டுக் குறிப்பைச் சங்கீத வித்வான்களுக்கு மாத்திரம் உரியதென்று கருதி நீக்கிவிடலாகாது. அந்தப் பாட்டின் பாதி அர்த்தம் அக்குறிப்பிலேதான் இருக்கிறது.