வாளியும் வெர்னியரும்

1990-ல் வெளிவந்த ‘குவிக்லி டவுன் அண்டர்’ என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்கள் கதையை மறந்திருக்கலாம். வாளியை மறந்திருக்க மாட்டார்கள். வேலைக்காக ஆஸ்திரேலியா வரும் அமெரிக்கத் துப்பாக்கிக்காரன் குவிக்லியின் திறமையைச் சோதிக்க, குதிரைவீரன் ஒருவன் வாளியுடன் போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். அவன் சிறு புள்ளியாகத் தெரியும் இடத்தில் வாளி வைக்கப்படுகிறது. குவிக்லி நின்றபடியே சுடுகிறான், வாளி துள்ளுகிறது. மீண்டும் சுடுகிறான், மீண்டும் துள்ளுகிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். துப்பாக்கி வெறும் பொம்மையன்று. 1874-ஆம் ஆண்டு ஷார்ப்ஸ் மாதிரியில், ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் ரைபிளை, மான்டானா மாநிலத்து ஷைலோ நிறுவனம் இப்படத்திற்கென்றே செய்து கொடுத்தது. குழலின் நீளம் 34 அங்குலம். தோட்டாவில் கருமருந்து 110 கிரெயின், அதாவது 7 கிராம். ஈயக் குண்டு 540 கிரெயின், அதாவது 35 கிராம். குண்டைச் சுற்றி மெல்லிய காகிதம். ஈயம் குழலில் ஒட்டாமல் காத்து, வெளியேறியதும் அது கழன்றுவிடும். விசைகள் இரண்டு. பின்விசையை இழுத்து வைத்தால், முன்விசை தொட்டாலே விடுபடும். விரல் இழுப்பில் குழல் அசையாதிருக்க இந்த ஏற்பாடு. குறி பார்க்கும் கருவியில் வெர்னியர் அளவுகோல்! பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் கையாண்ட அதே தத்துவந்தான். துப்பாக்கியை இவ்வளவு அக்கறையுடன் அறிமுகப்படுத்தும் படங்கள் அரிது.

ஆனால் அந்த வெர்னியரை எந்த அளவில் நிறுத்துவது என்று குவிக்லிக்கு எப்படித் தெரிந்தது? இதைத்தான் படம் விழுங்கிவிடுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். இத்தகைய குண்டு வினாடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகத்தில் புறப்படும். காற்றின் தடையால் விரைவிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். 1,000 கெஜத்தை, அதாவது 914 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும். (வெடியோசை 2.7 வினாடியிலேயே போய்ச் சேர்ந்துவிடும். குண்டு பின்னால்தான் வரும்!) 3 வினாடியில் புவியீர்ப்பு அதைச் சுமார் 40 மீட்டர் கீழே இழுத்துவிடும். ஆகவே குழலை அவ்வளவு உயரத்துக்கு நிமிர்த்தியே சுட வேண்டும். குண்டு சரிவாக இறங்குவதால், தூரத்தை 10 மீட்டர் தவறாக மதித்தாலும் அரை மீட்டருக்கு மேல் பிசகும். பாதித் தூரமென்றாலும் பிசகு சுமார் 20 சென்டிமீட்டர். ஓரடி வாளியின் நடுவைக் குறிவைத்தவனுக்கு அதுவே தோல்வி. பக்கக் காற்றை இதில் நான் சேர்க்கவே இல்லை.

உண்மையான வீரர்கள் என்ன செய்தார்கள்? 1874 செப்டம்பர் 26-ல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அமெரிக்கரும் அயர்லாந்தினரும் மோதினர். அமெரிக்கர் கையில் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்கள். அளந்து வைத்த 800, 900, 1,000 கெஜத் தூரங்கள். இலக்கின் நடுக்கட்டம் 3 அடிச் சதுரம். வென்ற அமெரிக்கர் பெற்றது 1,080-க்கு 934, அயர்லாந்தினர் 931. அயர்லாந்தின் மில்னர் நடுக்கட்டத்தில்தான் சுட்டார்; ஆனால் அது பக்கத்து இலக்கு! அந்த 4 புள்ளி போயிற்று. தூரம் தெரிந்து, பழகி, 3 அடிச் சதுரத்தையே எல்லா முறையும் தொட முடியாதவர்கள் அவர்கள்.

கருமருந்துக் கசடும் உண்டு. ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் அது குழலுக்குள் இறுகும். ஈரத்துணியால் துடைப்பார்கள், அல்லது சிறு குழாய் வழியே வாயால் ஊதி ஈரமாக்குவார்கள். குவிக்லி இப்படி நின்று ஊதியிருந்தால் வாளிக் காட்சி சற்று நீண்டிருக்கும். எனக்கோ அதுதான் பிடித்திருக்கும்.

மான்டானாவின் போர்சித் என்னும் ஊரருகே குவிக்லியின் பெயரால் ஒரு போட்டி நடக்கிறது. அங்கும் வாளி வடிவ இலக்கு உண்டு. தூரம் 350 கெஜம் என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். வாளியும் நிஜ வாளியைவிடப் பல மடங்கு பெரிது.