வகைமாதிரியும் மனிதரும்: டொறொத்தியா லாங்கின் ஒரு புகைப்படம் குறித்து

யதார்த்தவாத இலக்கியம் பற்றிய விவாதங்களில் ‘வகைமாதிரிப் பாத்திரம்’ என்னும் கருத்து நம்மிடையே நீண்டகாலமாக எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஒரு பாத்திரம் தன் வர்க்கத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அதேவேளை தனக்கேயுரிய வாழ்வும் குணமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். இவ்வளவுகோலை ஆவணப் புகைப்படத்தின் மீது வைத்து நோக்குமிடத்து எழும் சிக்கல் வேறானது. கதாசிரியன் படைத்த மாந்தர் அவனிடம் முறையிட வருவதில்லை. புகைப்படத்தில் உள்ளவரோ படத்துக்கு வெளியேயும் வாழ்கிறார்.

‘குடிபெயர்ந்த தாய்’ எனப் பெயர்பெற்ற படம் 1936 மார்ச்சில், கலிபோர்ணியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளரின் முகாமொன்றில் எடுக்கப்பட்டது. கடுங்குளிரிற் பயிர் அழிந்தமையால் தொழிலாளர் வேலையின்றிப் பட்டினி கிடந்தனர். லாங் அப்பொழுது அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில் ஊழியம் பார்த்தவர். அவர் தூரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக அணுகுகிறார். முதற் படங்களிற் கூடாரமும் தட்டுமுட்டுச் சாமான்களும் கதிரையில் அமர்ந்திருக்கும் மூத்த மகளும் உள. இறுதிப் படத்தில் இவை யாவும் அகன்று, தாயின் முகமும், முகந்திருப்பித் தோளிற் சாய்ந்த இரு பிள்ளைகளும், மடியிற் குழந்தையுமே எஞ்சுகின்றன. முகந்தெரியாத பிள்ளைகள் எவருடைய பிள்ளைகளாகவும் இருக்கலாம். படத்தின் ஆற்றல் இவ்விலக்கலிலேயே பிறக்கிறது. அதனை நாம் குறைகூறவில்லை, தெரிவின்றிக் கலையில்லை. ஓரத்திலே தெரிந்த பெருவிரலொன்றை லாங் பின்னர் நெகற்றிவில் மறைப்பித்தமை அவரது பிரிவுத் தலைவர் றோய் ஸ்ரைக்கருக்கு உவப்பாக இருக்கவில்லை. நமக்கு அது சிறு விடயமாகவே படுகிறது.

அப்பெண்ணின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என லாங்கே 1960 இல் எழுதினார். ஏனைய கூடாரங்களுக்குச் செல்லவும் அவசியம் நேரவில்லையாம். தமது பணியின் சாரம் கைக்கெட்டிவிட்டதென அவர் உணர்ந்தார். இந்தச் ‘சாரம்’தான் நம்மை உறுத்துகிறது. காரின் ரயர்களை விற்று அக்குடும்பம் உணவு வாங்கியதாகவும் அவர் எழுதியிருந்தார். 1978 இல் அப்பெண் புளோறன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என வெளிப்பட்டபின், குடும்பத்தினர் அதனை மறுத்தனர். பழுதான காரைத் திருத்தும்வரையே அங்கு தங்கினராம். அவர் செறோக்கி ஆதிக்குடிப் பெண். 1930களின் புழுதிப்புயல்களுக்கு முன்னரே கலிபோர்ணியாவுக்கு வந்தவர். புழுதியால் இடம்பெயர்ந்த வெள்ளைக் குடியானவளின் சின்னமாக ஒரு நாடு நாற்பதாண்டு போற்றிய முகம், 1830களில் அந்நாடே தாயகத்தினின்று துரத்திய மக்களின் வழிவந்த முகமாயிருந்தது! இழந்தது பெயர் மாத்திரமன்று. நிலம் பறிக்கப்பட்ட வரலாறும் கூலியுழைப்பின் உறவுகளும் ‘தாய்மையின் பொறுமை’யுள் மறைந்துபோயின.

லாங் கேட்கத் தெரியாதவரல்லர். பொருளியலாளரான தம் கணவர் போல் ரெயிலருடன் 1939 இல் அவர் வெளியிட்ட ‘அன் அமெரிக்கன் எக்ஸோடஸ்’ என்னும் நூலிற் குடிபெயர்ந்தோரின் சொற்களே படங்களுக்குத் துணைநிற்கின்றன. அந்நூலை ஆவணக்கலையின் உயர்ந்த சாதனையாகக் கொள்ளும் நாம், அதனினும் புகழ்பெற்ற இப்படத்தை அதற்கு ஒருபடி கீழேயே வைப்போம்.

பயன் விளையாமலும் இல்லை. பத்திரிகையிற் படங்கள் வெளிவந்ததும் 20,000 இறாத்தல் உணவு முகாமுக்கு அனுப்பப்பட்டது. தொம்சன் குடும்பம் அதற்குள் அங்கிருந்து சென்றுவிட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு சதமேனும் கிடைக்கவில்லை என அவர் பின்னாளிற் சினந்தார். படம் அரசின் உடைமையாதலால் லாங்கும் அதற்கு உரிமைப்பணம் பெற்றவரல்லர். 1983 இல் தொம்சன் நோயுற்றபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கோரினர். அப்படத்தை அறிந்திருந்தோர் பணமும் கடிதங்களும் அனுப்பினர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் இறந்தார். அவரது கல்லறையிற் பெயருடன் ‘குடிபெயர்ந்த தாய்’ என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது.