பின்தோளைப் பார்

பெருமாளுக்கு ஊருக்கோர் அழகு சொல்வார்கள். காஞ்சி வரதருக்குக் குடையழகு, திருப்பதிக்கு வடையழகு, எங்கள் அரங்கனுக்கு நடையழகு. குடையும் வடையும் எப்படியோ, நடையைப் பற்றி மட்டும் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வளர்ந்தவன் வாய்க்கு வந்ததைப் பேசலாம். அந்த உரிமையில்தான் இந்தக் கட்டுரை.

மற்ற ஊர்களில் புறப்பாடு என்றால் அலங்காரம் பார்ப்பார்கள். இங்கே கூட்டம் கால்களைப் பார்க்கும். குகையை விட்டு வெளியே வரும் சிங்கம் மாதிரி நின்று, இடமும் வலமும் திரும்பி நம்பெருமாள் கிளம்புவது சிம்ம கதி. திரும்பி உள்ளே போகையில் புற்றுக்குள் நுழையும் பாம்பாக நெளிந்து போவது சர்ப்ப கதி. இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறியன்று மணல்வெளியில் தங்கக் குதிரை வாகனத்தில் வையாளி: குதிரை பாயும், சட்டென்று நிற்கும், பின்வாங்கும், மறுபடி பாயும். வாகனம் உலோகம், அதற்குக் கால் கிடையாது. பாய்ச்சல் முழுக்க அதைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மாமா உண்டு. நான் சிறுவனாக அவர் தோளில் உட்கார்ந்து புறப்பாடு பார்த்தவன். எல்லோரும் 'ரங்கா ரங்கா' என்று முன்னால் பார்த்துக் கைகூப்பும்போது அவர் என் முகவாயைப் பிடித்துத் திருப்புவார். "முன்னாடி பார்க்காதேடா. பின்தோளைப் பாரு. நடை அங்கேதான் இருக்கு." தோளுக்கினியான் என்கிற பல்லக்கின் பின்பக்கம் தோள் கொடுப்பவர்களுக்கு எதிரே எதுவும் தெரியாது. முன்னால் போகிறவர் முதுகும் பெருமாளின் பின்னழகும்தான். முன்னே ஒரு கால் நிற்கப்போவதைத் தண்டு வழியாகத் தோள் உணர வேண்டும். உணர்ந்த மறு நொடி இவர்களும் நிற்க வேண்டும், அதுவும் குலுங்காமல். நின்ற இடத்திலும் உடம்பு மெல்ல ஆடிக்கொண்டிருக்க வேண்டும், மரம் மாதிரி நிற்கக் கூடாது. "பின்தோள் தடுமாறினா பெருமாள் பல்லக்குல போறார். தடுமாறலேன்னா நடந்து போறார்." இதற்கு மேல் ரசனை வகுப்பு எனக்கு யாரும் எடுக்கவில்லை.

இந்தக் கண்ணோடுதான் 2007-இல் பிரேசில் பெண்கள் கால்பந்து அணியை முதலில் பார்த்தேன். சீனாவில் உலகக் கோப்பை, ஹாங்சௌவில் அரையிறுதி, எதிரே அமெரிக்கா. பிரேசில் 4-0 என்று வென்றது. அந்த நாலாவது கோலை இன்றைக்கும் மாதம் ஒரு முறையாவது போட்டுப் பார்க்கிறேன்.

இடது ஓரம். மார்ட்டாவுக்கு அப்போது வயது 21. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், பின்னால் ஒட்டினாற்போல ஒரு டிஃபெண்டர். பந்து வருகிறது. அதை நிறுத்தி, திரும்பி, தாண்டிப் போவார் என்றுதான் யாரும் நினைப்போம். மார்ட்டா நிறுத்தவே இல்லை. முதுகுப் பக்கமாகவே பந்தைத் தட்டி டிஃபெண்டரின் ஒரு பக்கமாக அனுப்பிவிட்டு, தான் மறுபக்கமாகச் சுற்றி ஓடிப் பந்தைப் பிடிக்கிறார். தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தையும் அந்தப் பக்கம் ஒரு குழந்தையும் ஓடி அப்பால் கைகோத்துக்கொள்வது போல. அடுத்து வந்த டிஃபெண்டரை உள்பக்கம் ஒரு வெட்டு. பிறகு கோல். அமெரிக்கக் கோல்கீப்பர் விழுந்தும் பயனில்லை.

கோல் எப்படியும் விழும். நான் பார்ப்பது அதற்கு முந்தைய அரை நொடி. பந்து வருவதற்கு முன்பே மார்ட்டாவின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது. போகப்போவது அந்தப் பக்கம் இல்லை, ஆனால் உடம்பு போவதாகச் சொல்லிவிட்டது. டிஃபெண்டர் உடம்பை நம்பினார். பிரேசில்காரர்கள் இதை ஜிங்கா என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே வளர்த்த கபோயிரா என்ற சண்டைக்கலையில், ஆடுகிறவர் ஒரு கணமும் நிலையாக நிற்பதில்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்று இடைவிடாத ஊசல். அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று எதிராளிக்குப் பிடிபடக் கூடாது. அந்த ஊசலுக்குத்தான் ஜிங்கா என்று பெயர். நின்ற இடத்திலும் ஆட வேண்டும் என்று மாமா சொன்னதை வேறொரு கண்டத்தில் வேறு யாரோ வேறு காரணத்துக்காகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்த நடை அந்தப் பெண்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1941-இல் வர்காஸ் அரசு, பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளை அவர்கள் ஆடக் கூடாது என்று சட்டமே போட்டது. தடை நீங்க 1979 ஆயிற்று. பெலேயும் கரிஞ்சாவும் உலகத்தை மயக்கிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர்களுடைய அக்கா தங்கைகளுக்குப் பந்து சட்டவிரோதம். தேசிய அணி என்று ஒன்று களமிறங்கியதே 1986-இல்தான். மார்ட்டா பிறந்த வருஷமும் அதுதான். அந்த 1979-ஆம் ஆண்டுக்கான ஆசியக் கோப்பை கோழிக்கோட்டில் நடந்தபோது நம் இந்தியப் பெண்கள் இறுதிப் போட்டி வரை போனார்கள். முன்னால் நின்றவர்கள் நாம். அப்புறம் என்ன ஆயிற்று என்பது வேறு கட்டுரை, அதில் ரசனைக்கு இடம் இருக்காது.

மார்ட்டாவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உலகக் கோப்பைகளில் 17 கோல். ஆணோ பெண்ணோ வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. உலகின் சிறந்த வீராங்கனை விருது ஆறு முறை. பெருமாள் என்றால் அவர்தான், சந்தேகமில்லை. என் கண் போகிற இடம் பின்தோள்.

அந்தப் பின்தோளின் பெயர் ஃபொர்மிகா. போர்த்துகீசிய மொழியில் எறும்பு என்று பொருள். இயற்பெயர் வேறு, களத்தில் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருந்ததால் ஊரார் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகள். பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்த 1996 தொடங்கி டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக்குகள், ஒன்றுகூட விடாமல். கோல் அடித்த காட்சிகளைத் தொகுத்தால் ஃபொர்மிகா அதிகம் தென்பட மாட்டார். பந்து பறிபோகும் இடத்தில் இருப்பார், எதிரணியின் பாஸ் போக நினைக்கும் வழியில் இருப்பார், மார்ட்டா முன்னே பாயும்போது காலியாகும் இடத்தில் வந்து நின்றிருப்பார். ஓடி வந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

எறும்பு என்றதும் எங்கள் பக்கத்து ஆளுக்குத் திருவெறும்பூர் ஞாபகம் வராமல் இருக்காது. பொன்மலையைத் தாண்டினால் சின்னக் குன்றின் மேல் எறும்பீசர். தேவர்கள் எறும்பு உருவெடுத்து வந்து வழிபட்டார்களாம். அவர்கள் ஏறத் தோதாக லிங்கம் தன்னைச் சொரசொரப்பாக்கிக்கொண்டு சாய்ந்து கொடுத்ததாம். உலகக் கோப்பை ஏழு கண்ட எறும்புக்கும் ஏதோ ஒன்று சாய்ந்து கொடுத்திருக்க வேண்டும்.

ஃபொர்மிகாவின் கடைசி சர்வதேச ஆட்டம் யாருக்கு எதிராக என்று நண்பர்களிடம் கேட்டால் ஜெர்மனி, அமெரிக்கா என்பார்கள். இந்தியாவுக்கு எதிராக! 2021 நவம்பர் 25, அமேசான் காட்டு நடுவே மனாஸ் நகரம். நமக்கு மறுநாள் விடிகாலை. டிகாஷன் இறங்குவதற்குள் பிரேசில் ஒரு கோல் போட்டுவிட்டது. முதல் நிமிடத்திலேயே தெபின்யா. இரண்டு பெஞ்சிலும் பயிற்சியாளர்கள் சுவீடன்காரர்கள்: அங்கே பியா சுண்டாகே, நமக்கு டென்னர்பி. ஒருதலை ஆட்டம்தான் என்று நான் காப்பியைக் கலக்கத் திரும்பியபோது, எட்டாவது நிமிடம், எதிர்த்தாக்குதலில் பாய்ந்து போன மனிஷா கல்யாண் அடித்தார் ஒரு கோல். ஹோஷியார்பூர்ப் பெண், வயது 19. 1-1. பிரேசிலோடு 1-1! டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். முடிவு 6-1 என்பது அப்புறம் வந்த கணக்கு. இரண்டாம் பாதியில் மாற்று வீராங்கனையாக 43 வயது எறும்பு உள்ளே வந்தது. ஆட்டம் எப்போதோ முடிவாகிவிட்டது, யாருக்கும் நிரூபிக்க ஒன்றுமில்லை. அப்போதும் ஃபொர்மிகா பாஸ் கொடுத்த கையோடு நடந்து போய் அடுத்த பாஸ் வரக்கூடிய இடத்தில் நின்றுகொண்டார். வழியனுப்பு விழா ஆட்டத்திலும் பின்தோள் தடுமாறவில்லை.

சுண்டாகே காலத்து பிரேசில் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுக்கோப்பு இருந்தது, ஒழுங்கு இருந்தது, ஊசல் குறைந்துபோயிருந்தது. வரிசை கலையாமல் பல்லக்குத் தூக்குகிறார்கள், நடை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. 2023 உலகக் கோப்பையில் ஜமைக்காவோடு கோலில்லாமல் முட்டி, முதல் சுற்றிலேயே ஊருக்குப் போனார்கள்.

நம் பக்கம் வருகிறேன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணிக்குப் பின்தோள் கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன். நடுக்கள ஆட்டக்காரர், காவல்துறையில் எஸ்.ஐ. 2020 ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் காக்கிச் சட்டையில் ரோந்து போனவர். இந்திய அணிக்காக 2019 தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில், விராட்நகரில், வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு கோல். எனக்கு அந்தக் கோல்களைவிடப் பிடித்தது அவர் கழுத்து. பந்து தன்னிடம் வருவதற்கு முன் ஒரு முறை வலப்பக்கம், ஒரு முறை இடப்பக்கம் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொள்வார். பந்து காலில் பட்டபின் அவர் பார்ப்பதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. சிம்ம கதி என்றால் வேறென்ன?

2018-இல் கட்டக்கில், அதுவரை தேசியப் பட்டத்தைத் தன் வீட்டுச் சொத்தாக வைத்திருந்த மணிப்பூரை இறுதியில் 2-1 என்று தமிழ்நாடு சாய்த்தது. முதல் தேசியப் பட்டம். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை அதே 2-1. மணிப்பூர்க்காரர்களின் ஆட்டம் தறியில் ஓடும் நாடா மாதிரி, குறுக்கும் நெடுக்கும் குட்டிக் குட்டிப் பாஸ். தமிழ்நாட்டு ஆட்டத்தில் நேர் ஓட்டம் அதிகம், கபடிக் களத்துப் பாய்ச்சலின் சாயல் தெரியும். அதுவும் ஒரு நடைதான். ஊசல் மட்டும் இன்னும் வர வேண்டும்.

வருமா என்று பார்க்கப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குச் சில காலைகளில் போவதுண்டு. ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகள் பந்து உதைத்துப் பழகிய மண். சென்ற மாதம் பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண், மூக்கில் வியர்வை, ஒரு கால் ஷூவின் முனையில் ஊக்குப் போட்டிருந்தாள். பையன் ஒருவன் வழிமறித்ததும் பந்தைத் தொடாமல் இடுப்பை மட்டும் ஒரு பக்கம் காட்டினாள். பையன் போய்விட்டான். அவள் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தாள். பந்து அப்படியே கிடந்தது.

2025-இல் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி வந்தது. கீட்டோவில் கோப்பா அமெரிக்கா பெண்கள் இறுதிப் போட்டி நடந்தபோது நமக்குப் பின்னிரவு. வீட்டில் எல்லோரும் விடிகாலை அம்மா மண்டபத்துக்குப் போகக் காப்பரிசி கலந்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். நான் போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கூடத்தில். பிரேசிலும் கொலம்பியாவும். மூச்சு முட்டும் உயரத்து ஊர். மூன்று முறை கொலம்பியா முந்தியது, மூன்று முறையும் பிரேசில் தொட்டது. மூன்றாவது முறை தொட்டவர் மார்ட்டா. 39 வயதில் 82-ஆவது நிமிடம் மாற்றாக வந்து, 90 நிமிடம் தாண்டி ஆறாவது நிமிடத்தில், பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் ஓர் அடி. எக்ஸ்ட்ரா டைமில் ஆஞ்சலினா அனுப்பிய பந்தில் இன்னொன்று. கொலம்பியா அதையும் தொட்டது: 4-4. பெனால்டியில் மார்ட்டா அடித்ததைக் கோல்கீப்பர் தாபியா பிடித்துவிட்டார், போச்சு என்று கண்ணை மூடினேன். மற்றவர்கள் காப்பாற்றினார்கள். 5-4. இதுவரை நடந்த பத்துக் கோப்பாக்களில் பிரேசிலுக்கு ஒன்பதாவது; 2006-இல் மட்டும் அர்ஜென்டினா.

வெளியே வந்தால் தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் கூடையில் வைத்துக்கொண்டு பெண்கள் காவிரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் தூக்கம் குறைவு அவருக்கு, பார்வையும்தான். பக்கத்தில் உட்கார்ந்து போனை அவர் கண்ணுக்கு அருகே பிடித்து, மார்ட்டாவின் இரண்டாவது கோலைப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன்.

"அடிச்சாளே, அவளைத் தெரியறது," என்றார். "பந்தைக் குடுத்தாளே, அவ பேர் என்னடா?"